போட்ட பிள்ளைக்கே மறுபடியும் ஏன் சொட்டு மருந்து?

போலியோ முகாம் அறிவிக்கப்படும்போதெல்லாம், "எல்லாத் தவணையும் போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "அரசு சொல்கிறது" என்பதோடு நின்றுவிடுகிறது.

போலியோ கிருமி வாய் வழியாக நுழைந்து, குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, அசுத்தமான தண்ணீர் மூலமாகவோ கழுவாத கைகள் மூலமாகவோ அடுத்த குழந்தையைச் சென்றடைகிறது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் நிரந்தரமாகச் செயலிழக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் நோயென்று ஒன்று வந்ததே தெரியாமல், வாரக்கணக்கில் கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளையின் கால் துவண்டது தெரியவரும் நேரத்தில், கிருமி அந்த ஊரில் நன்றாகவே பரவியிருக்கும்.

செயலிழக்கச் செய்த கிருமியைக் கொண்ட ஊசி மருந்து, இரத்தத்தில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கி, கிருமி நரம்புகளைத் தாக்காமல் காக்கிறது. குடலில் அது பெருகுவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. வலுவிழந்த உயிர்க்கிருமியைக் கொண்ட சொட்டு மருந்தோ குடலிலேயே எதிர்ப்பை உருவாக்கி, பரவலின் வழியையே அடைக்கிறது. ஆனால் நம் நாட்டில் மூன்று தவணை கொடுத்தும் பல குழந்தைகளுக்குப் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எடுத்துக்காட்டினார். கூடுதல் தவணைகளின் தேவை இங்கிருந்துதான் வருகிறது. முன்பு போட்டவர், போடாதவர் என்று பாராமல் ஐந்து வயதுக்குட்பட்ட அனைவருக்கும் ஒரே நாளில் கொடுத்தால், கிருமி தங்குவதற்குக் குடல் கிடைப்பது அரிதாகிவிடும். 1995இல் நாடெங்கும் தொடங்கிய முகாம்களின் கணக்கு இதுதான்.

நம் நாட்டில் 2009இல் 741 பேரைத் தாக்கிய நோய் 2010இல் 42 ஆகக் குறைந்தது. இயற்கையாகப் பரவும் கிருமியால் இங்கு நோய் வந்தது, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி.

சொட்டு மருந்து வெப்பம் தாங்காது. குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் செவிலியர் அதைப் பயன்படுத்த மாட்டார். அடுத்த முறை காட்டச் சொல்லிப் பாருங்கள், எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. தடுப்பூசி போடாதவர்கள் மிகுந்த இடத்தில், மருந்திலுள்ள வலுவிழந்த கிருமி நெடுநாள் சுற்றித் திரிந்து, மிக அரிதாக, மறுபடியும் வீரியம் பெறக்கூடும். அதனால்தான் 2016 ஏப்ரலில், போலியோ கிருமியின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2015இல், ஊசி மருந்தும் நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2022இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாதத்துக்கு ஆளானவரும் இத்தகைய கிருமியால் தாக்கப்பட்டவரே. அவர் எந்தத் தவணையும் போட்டுக்கொள்ளாதவர்.