ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புத்துணர்ச்சியும் ஓர் இலவசக் கச்சேரியும்

சென்னை போய் ஊர் திரும்பிப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்த பஸ்ஸைத் திட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. "எப்படிப் போனாய், எங்கே தங்கினாய், என்ன செலவாயிற்று, எல்லாவற்றையும் வரிசையாக எழுது" என்று என்னுடன் பணி ஓய்வு பெற்ற தோழிகள் கேட்டிருந்தார்கள். வரிசையாக எழுதத்தான் நினைக்கிறேன். முடிகிறதா பார்ப்போம்.

மார்கழியில் நெல்லையிலிருந்து சென்னைக்கு ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் முழுக் கட்டணம்தான். 58 வயதைக் கடந்த பெண்களுக்கு டிக்கெட்டில் பாதி தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். நான் அந்த வயதைத் தொடுவதற்காகவே காத்திருந்து நிறுத்தினார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

ஆகவே ஆம்னி பஸ். கீழ்ப் படுக்கை வேண்டும் என்று சொல்லித்தான் பதிவு செய்தேன். ஏறிய பிறகு, "அதைக் குடும்பமாக வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டோம் அம்மா" என்கிறான் உதவியாளர் பையன். தனியாக வருகிற அறுபத்திரண்டு வயதுக்காரி குடும்பத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. ஓடுகிற வண்டியில், சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பெருவிரல் மட்டுமே பதிகிற இரும்புப் படியில் கால் வைத்து ஏறினேன். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் வயதுப் பெண்கள் ஆம்னி பஸ் ஏறும் நாளில் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இது எந்த பஸ் முதலாளிக்காவது தெரியுமா? தெரிந்தால் வழியில் ஒரே ஓர் இடத்தில், அதுவும் ஓட்டுநருக்கு மட்டும் இலவசமாகச் சாப்பாடு போடுகிற கடையில் நிறுத்துவார்களா? அங்கே டீ முப்பது ரூபாய், கழிவறைக்குப் பத்து ரூபாய். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே காதைக் கிழிக்கிற பாட்டு.

விடிந்தபோது சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம். நான் தங்கப்போகும் வீடு இருக்கும் மந்தைவெளிக்கு ஆட்டோ கேட்டேன். "தொள்ளாயிரம்." 2013இல் அரசு நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவளிடம் இதைச் சொல்லலாமா? நானூறைத் தாண்டாதே என்றேன். "அது பழைய கணக்கு அம்மா, பெட்ரோல் விலை தெரியுமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேலாகக் கட்டணத்தைத் திருத்தாமல் விட்டால் அவரும் என்னதான் செய்வார்? ஆனால் நியாயம் அறுநூறோடு முடிந்துவிடுகிறது. மீதி முந்நூறு, பெட்டியோடு நிற்கும் கிழவிக்கு வேறு வழியில்லை என்ற தைரியம். வழி இருந்தது. முன்பக்கம் இளஞ்சிவப்பு பூசிய சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். தாம்பரம் வரை அதில், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி, மறுபடி ஓர் இளஞ்சிவப்பு பஸ். மொத்தச் செலவு பத்து ரூபாய்க்குள். வீடு சேர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தாலும் மனம் குளிர்ந்திருந்தது.

தங்கியது அக்கா வீட்டில். உடன்பிறந்த அக்கா இல்லை. அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், வயது எழுபத்தொன்று. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் மேன்ஷனாக நிற்கிறதே, மலிவாகத் தங்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவையெல்லாம் ஆண்களுக்கு. ஒரு கிலோ அல்வாவோடு என் தங்கும் செலவு முடிந்தது.

பயணத்துக்குக் காரணமே மகன்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சொகுசு விடுதியில் "மூத்தோர் புத்துணர்ச்சி நாள்" என்று பணம் கட்டிவிட்டான். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். தொகையைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் புத்துணர்ச்சியும் போனது. திரும்பத் தரமாட்டார்கள் என்பதால் போனேன்.

வாசலில் ஒரு கண்ணாடித் தராசில் வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். பார்ப்பதற்கு எடை பார்க்கும் இயந்திரம்தான். ஆனால் அது "உடலின் வயது" சொல்லுமாம். எனக்கு அறுபத்தெட்டு என்று சொல்லிற்று. போன நிமிடம் வரை அறுபத்திரண்டு. ஆறு வருடத்தைத் தூக்கி மேலே போட்ட பிறகு, வெள்ளைச் சீருடைப் பெண் கைகூப்பி, "இன்று முழுவதும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் அம்மா, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்" என்றாள். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அதைக் கேட்க இவ்வளவு பணமா? நெற்றியில் எண்ணெய் ஒழுகவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மதியம் முளைகட்டிய பயறும் இஞ்சி சூப்பும். பிறகு புல்லாங்குழல் ஒலிநாடாவைப் போட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் கிடத்தினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விட்டார். நான் கூரை ஓடுகளை எண்ணினேன். நாள் முழுக்க என்னிடம் யாரும் கேட்ட ஒரே கேள்வி, "சௌகரியமாக இருக்கிறதா?"

மறுநாள் விடியற்காலையில் அக்கா எழுப்பிவிட்டார். "புத்துணர்ச்சி போதும், மெரினாவுக்கு வா."

மெரினாவைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்வது? சூரியன் உதித்தது. அருகம்புல் சாறு குடித்தேன், சகிக்கவில்லை. முடக்கத்தான் சூப் தேவலாம். ரத்த அழுத்தம் பார்க்கிறவர் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வந்தது அக்காவின் சிமெண்ட் பெஞ்சு பற்றி. பாதி தூரம் நடந்ததும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுகிறார். உட்காருகிறார். மறுபடி எழுகிறார். முழங்கால் லேசாக நடுங்குகிறது, உதடு இறுகுகிறது, ஆனால் கை அவிழவில்லை. நடப்பது மட்டும் போதாதாம். வயதானால் முதலில் கரைவது தசை, தொடையில் வலு இல்லாவிட்டால் விழுவோம், இடுப்பு எலும்பு முறிந்தால் எல்லாம் போச்சு என்றார். உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட உடலுழைப்போடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருக்கும் பயிற்சி என்று சொல்கிறது. அதற்கு ஒரு பெஞ்சும் வெட்கமின்மையும் போதும். என்னால் எத்தனை முறை எழ முடிந்தது என்பதை எழுதப் போவதில்லை.

திரும்பும்போது மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சாமிநாதையர் சிலையைப் பார்த்தோம். எண்பத்தைந்தை ஒட்டிய வயதில் வாராவாரம் தன் வரலாற்றைப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தவர். முடிவதற்குள் 1942இல் காலமாகிவிட்டார். சென்னையில் இப்படிப்பட்டவர்கள் மூலைக்கு மூலை இருக்கிறார்கள். அடையாறு பக்கம் பஸ்ஸில் போனபோது அக்கா புற்றுநோய் மருத்துவமனையைக் காட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது இயங்கத் தொடங்கியபோது அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு வயது 67. அங்கேயே வேலை பார்த்த டாக்டர் சாந்தா 2021இல் 93 வயதில் மறையும் வரை அந்த வளாகத்திலேயேதான் வாழ்ந்தார். இவர்களில் யாரிடமாவது போய் "எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் அம்மா" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

பசி. ரத்னா கஃபே, 1948லிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கிறது. இரண்டு இட்லி கேட்டேன். தட்டு வந்தது, பின்னாலேயே ஒருவர் வாளியும் கையுமாக வந்து இட்லி இருந்த இடமே தெரியாமல் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் சண்டை வரும். சாம்பார் தனிக் கிண்ணத்தில் வர வேண்டும், நாம் தொட்டுச் சாப்பிட வேண்டும். முகம் சுளித்தபடிதான் கரண்டியை எடுத்தேன். லேசான இனிப்பு, வெந்து கரைந்த பருப்பு, சின்ன வெங்காயம், அந்த இட்லி உள்ளே வரை ஊறி, வாயில் வைத்ததும் காணாமல் போயிற்று. மறுபடி ஊற்ற ஆள் வந்தார், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. விலை எங்கள் பாளையங்கோட்டை மெஸ்ஸைவிட அதிகம்தான். ஆனால் முளைப்பயறுக்கு நான் கொடுத்த காசில் அந்தத் தெருவுக்கே இட்லி வாங்கிக் கொடுக்கலாம் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டேன்.

அக்கா வாரத்தில் சில நாள் மத்தியானங்களில் பார்வையற்ற கல்லூரி மாணவிகளுக்குப் பாடப் புத்தகம் வாசித்துக் காட்டப் போகிறார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கல்லூரியின் மரத்தடியில் உட்கார வைத்து, "எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, நீ படி" என்று பொருளாதாரப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டார். எதிரே பத்தொன்பது வயதுப் பெண். வேகமாக நாலு வரி படித்தேன்.

"அம்மா, கமா வந்தால் நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தாவிட்டால் எனக்கு வாக்கியம் உடையவே மாட்டேன் என்கிறது."

அலுவலகத்தில் மேலதிகாரிகள்கூட என்னை இப்படிச் சொன்னதில்லை. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். தேவை விதி. விலை ஏறினால் வாங்குவது குறையும். இதற்கு ஒரு விதியா, மார்க்கெட்டுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தபோது, "அந்தப் பக்கத்தில் படம் இருக்கிறதா? கோடு எந்தப் பக்கம் சரிகிறது?" என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் எந்தப் பக்கம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தானாகவே உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மணிக்கட்டை ஒட்டி ஒரு கோடு படுக்கையாக, ஓரத்தில் ஒரு கோடு நெட்டாக என்று விரலால் வரைந்தேன். பிறகு ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக இழுத்தேன். "நெட்டுக் கோடு விலை. படுக்கைக் கோடு அளவு." அவள் தன் இன்னொரு கை விரலால் அதே சாய்கோட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். "அப்படியானால் விலை மேலே இருக்கும்போது அளவு இந்த ஓரத்தில்தான். சரி, மேலே படியுங்கள்."

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அக்காவுக்கு உண்மையில் தொண்டை கட்டவில்லை என்பது பஸ்ஸில் தெரிந்தது. மயிலாப்பூர் வரை வாய் ஓயவில்லை. "பொருளாதாரம் நான் படித்ததே கிடையாது. இந்தப் பெண்களுக்குப் படித்துப் படித்து இப்போது செய்தித்தாளில் ரெப்போ விகிதம் என்று வந்தால், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி என்று எனக்குப் புரிகிறது. உன் ஊரிலேயே நூற்றாண்டு கண்ட பார்வையற்றோர் பள்ளி இருக்கிறதே, போய்க் கேள்" என்றார்.

கச்சேரி நடத்தும் சங்கீத சபா பற்றிச் சொல்லாவிட்டால் மார்கழிக்குச் சென்னை போனதாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாயங்காலக் கச்சேரி டிக்கெட் விலை நமக்கு ஆகாது. மத்தியானம் பல சபாக்களில் இளம் பாடகர்களின் கச்சேரிக்கு அனுமதி இலவசம், குளிர்சாதனமும் உண்டு. கேன்டீனில் கூட்டத்தையும் விலையையும் பார்த்து காபியோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே அல்வா வேறு விற்றார்கள், நெல்லைக்காரி கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

பக்கத்து இருக்கையில் எண்பதைத் தாண்டிய ஒரு மாமி, காதில் செவிக்கருவி, மடியில் சின்ன நோட்டுப் புத்தகம். மேடையில் பெண் ஆலாபனை தொடங்கியதும் நான் யாருக்கும் கேட்காமல் "ஆபோகி ராகம்" என்றேன். மாமிக்குக் கேட்டுவிட்டது.

"அவசரப்படாதீர்கள். நிஷாதம், அதுதான் 'நி' ஸ்வரம், வருகிறதா பாருங்கள். வந்தால் ஸ்ரீரஞ்சனி, வராவிட்டால்தான் ஆபோகி. மற்ற ஸ்வரமெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்."

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாடகி மேலே போனார், சுற்றினார், இறங்கினார். மாமியின் பென்சில் சட்டென்று நோட்டில் ஒரு புள்ளி வைத்தது. "இதோ வந்தது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வந்தபோது கேட்ட மாதிரி இருந்தது. மாமி ராகப் பெயரை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, "எத்தனை வயது உங்களுக்கு? அறுபத்திரண்டா? நிறைய நாள் இருக்கிறது. இன்னும் ஐந்து சீசன் கேளுங்கள், பிடிபட்டுவிடும்" என்றார். அந்தக் கண்ணாடித் தராசை இந்த மாமியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

செலவுக் கணக்கு கேட்டிருந்தீர்கள். விடுதிப் பணத்தையும் வரப்போக பஸ் கட்டணத்தையும் கழித்துவிட்டால் சொல்லும்படியாக ஒன்றுமில்லை: நகரப் பஸ் இலவசம், கச்சேரி இலவசம், கடற்கரை இலவசம், இட்லிக்கு மட்டும் தாராளம். அடுத்த மார்கழிக்கு ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கும்போதே உட்கார்ந்துவிடுவேன்.

அதற்கு முன் ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஏப்ரலில் தேர்வு. பாடங்களைக் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அனுப்பிய முதல் பாடத்துக்கு, "கமா எல்லாம் சரி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படியுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அடுத்து தேவை நெகிழ்ச்சி. இரண்டு முறை படித்தும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகன் வணிகவியல் படித்தவன். விடுதி எப்படி இருந்தது என்று அவன் ஆரம்பிப்பதற்குள் இன்று ராத்திரி நானே கூப்பிட்டு இதைக் கேட்டுவிட வேண்டும்.