பிரேக் கீச்சிடுவதும் டிஸ்க் தேய்வதும் வேறு வேறு

பிரேக் சத்தம் போடுகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று, சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேடை எடுத்து உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, திரும்ப மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். சத்தம் சில நாட்கள் அடங்கியிருக்கும். மற்றொன்று, பேடோடு சேர்த்து முன் டிஸ்க்குகள் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டுவார்கள். இரண்டிலுமே அளவெடுப்பது என்ற வேலை நடப்பதில்லை. சொந்தக் காரில் இந்த வேலைகளைச் செய்து பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: கீச்சொலி அநேகமாகப் பேடையும் அதைத் தாங்கும் பாகங்களையும் பற்றிய செய்தி, டிஸ்க்கின் தேய்மானமோ பெரும்பாலும் சத்தமில்லாமலே நடக்கிறது. இந்த இரண்டு புகார்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத டிஸ்க்குகள் மாற்றப்படுகின்றன, மாற்ற வேண்டிய டிஸ்க்குகள் வண்டியிலேயே கிடக்கின்றன.

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் டிரம் பிரேக்கும் இருக்கும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம், டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. அந்த எதிர்விசையால் காலிபர் முழுவதும் இரண்டு கைட் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் மறுபுறமிருந்து இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் தொடர்பான புகார்களில் பெரும்பகுதி இந்த வழுக்கல் சரியாக நடக்கிறதா இல்லையா என்பதில்தான் அடங்கியிருக்கிறது என்பதால், இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பேட் டிஸ்க்கைப் பற்றுவதும் நழுவுவதும் மாறி மாறி மிக வேகமாக நிகழ்ந்து, அந்த அதிர்வில் பேடும் காலிபரும் டிஸ்க்கும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும்போது கீச்சொலி பிறக்கிறது. பொதுவாக இதன் அதிர்வெண் ஒன்று முதல் பதினாறு கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். காதுக்கு மிகவும் உறுத்தலான பகுதி அது. இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கின் வயதை ஒத்தது. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கில் செம்புப் பட்டைகள் உலோகத் தட்டின் மேல் உரசின. அந்த அலறலைச் சகிக்க முடியவில்லை. 1907-இல் ஹெர்பர்ட் ஃபுரூட் அந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டையை வைத்த பிறகுதான் அது ஓரளவு அடங்கியது. அந்தப் பொருளின் தீங்கு தெரிந்து பின்னாளில் அதைக் கைவிடத் தொடங்கினார்கள் என்றாலும், டிரம்முக்குள் உரசும் பழைய பிரேக் ஷூக்களில் அது இருக்கக்கூடும் என்பதால் டிரம்மில் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்லாதீர்கள். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, சத்தம் எப்போது வருகிறது என்பது. மழை பெய்த இரவுக்குப் பிறகோ, கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் வெறுமனே ஓர் இரவு நின்ற பிறகோ, காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டும் கரகரப்பு கேட்டால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஈரம் பட்ட சில மணி நேரத்தில் செந்துரு படியும், நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் பேட் அதை வழித்தெடுத்துவிடும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில்தான் இது கவலைக்குரியதாகிறது. பேட் ஒட்டியிருந்த இடம் மட்டும் வேறு விதமாகத் துருப்பிடித்து, பேடின் வடிவமே டிஸ்க்கில் அச்சாகப் பதிந்துவிடும்.

வண்டி ஓடும்போது மெல்லிய, உயர்ந்த கீச்சொலி தொடர்ந்து கேட்டு, சக்கரத்தின் வேகத்தோடு அது கூடிக் குறைந்து, பிரேக்கை மிதித்தால் மாறினாலோ நின்றுபோனாலோ, அது பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடாக இருக்கலாம். பேடின் முதுகுத் தகட்டில் பொருத்தப்பட்ட வளைந்த சிறு எஃகுத் துண்டு அது. உராய்வுப் பொருள் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும்படி வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே உண்டாக்கிய சத்தம் என்பதால் இதை எந்த உப்புத்தாளாலும் அடக்கக் கூடாது. விலை குறைந்த பேடுகள் பலவற்றில் இந்தத் தகடே இருக்காது. அவை சத்தமின்றித் தேய்ந்து, ஒரு நாள் நேராக முதுகுத் தகட்டுக்கே வந்துவிடும். அப்போது கேட்பது கீச்சொலி அல்ல, இரும்பை இரும்பு அரைக்கும் கடகடப்பு. அந்த நிலையில் காரை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே முறை.

மெதுவாக ஊரும்போது, லேசாக மிதித்தால் மட்டும் கீச்சிட்டு, அழுத்தி மிதித்தால் அடங்கிவிடும் சத்தம்தான் மிகவும் பரவலானது. தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. அளவுக்கு மீறிச் சூடாகி மேல்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துப் போன பேட் ஒரு காரணம். உப்புத்தாள் உதவுவது இந்த ஒன்றுக்கு மட்டுமே, அதுவும் சூடேறியதற்கான காரணம் நீங்கினால்தான் நிலைக்கும். பேடின் முதுகில் அதிர்வை அடக்க இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடு தொலைந்து போயிருப்பது இன்னொரு காரணம். பழைய பேடைக் கழற்றிய கையோடு ஷிம்மையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிய பேடை வெறுமனே மாட்டும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. பேடின் இரு காதுகளும் அமரும் எஃகுக் கிளிப்புகள் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தாலும் பேட் தன் இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த இடங்களைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் உயர்வெப்ப கிரீஸை, உராய்வுப் பரப்பில் ஒரு துளிகூடப் படாமல், காதுகளிலும் முதுகிலும் மெல்லியதாகத் தடவினால் பல கார்களில் சத்தம் முற்றிலும் நின்றுவிடும். பேட் உலோகக் கலவை மிகுந்த வகையாக இருந்தால் சற்றே கீச்சிடுவது அதன் இயல்பு. அதைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை.

மண் சாலையில் போய்வந்த பிறகு திடீரென்று தகரத்தைச் சுரண்டுவதுபோலக் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னிருக்கும் தகரக் காப்புக்கும் இடையே சரளைக்கல் சிக்கியிருக்கும். காரைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டினால் அநேகமாக அதுவே விழுந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றுவதென்றால் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டும் வையுங்கள். கழற்றியதும் கண்ணில் படுவது வெளிப்பக்கப் பேட். அதைப் பார்த்துவிட்டு இன்னும் நிறைய இருக்கிறது என்று திருப்தி அடைவதுதான் இந்த வேலையில் நிகழும் பெரிய பிழை. கைட் பின்கள் காய்ந்து இறுகினால் காலிபர் நகராது. அப்போது பிஸ்டன் தள்ளும் உள்பக்கப் பேட் மட்டும் வேலை செய்து, வெளிப்பக்கப் பேடில் ஏழெட்டு மில்லிமீட்டர் மீந்திருக்கும்போதே தகடுவரை தேய்ந்துவிடும். புதிய பேடில் உராய்வுப் பொருள் பொதுவாகப் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு தெரிந்தால், பேடை மாற்றுவது பாதி வேலைதான். பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் இட்டு மாட்ட வேண்டும். மேல் பின்னும் கீழ் பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பல காலிபர்களில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றி மாட்டினால் இறுக்கம் திரும்ப வந்துவிடும்.

காலிபர் இறுகியிருக்கிறதா என்பதைக் கழற்றாமலே அறிய ஒரு வழி உண்டு. அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பிறகு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். ஒரு முன்சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்து ரிம்மில் கரிய தூசியும் கூடுதலாகப் படிந்திருக்கும்.

இனி டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்கிலும், நடுவில் இருக்கும் தொப்பிப் பகுதியிலோ விளிம்பிலோ, அது எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்சக் கனம் ‘மின் டிஎச்’ என்ற ஆங்கிலச் சுருக்கத்தோடு பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் தேய்த்தால் எண் தெரியும். நடுவில் காற்றுத் துளைகள் கொண்ட முன் டிஸ்க் சிறிய கார்களில் புதிதாக இருக்கும்போது இருபது மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அனுமதிக்கப்பட்ட தேய்மானம் பெரும்பாலும் அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். அதாவது ஒரு முகத்துக்கு ஒரு மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் அதைச் சொல்ல முடியாது. பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் மேடாக நிற்பதால், வெர்னியர் அளவுகோலை நேராக வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கிறோம். தேய்ந்த டிஸ்க்கும் நல்ல டிஸ்க்காகக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்கலாம். இல்லையென்றால் இரு முகங்களிலும் ஒரே வகை நாணயத்தை மேட்டுக்கு உள்ளே ஒட்டிப் பிடித்து, மூன்றையும் சேர்த்து வெர்னியரில் அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்தால் போதும். நான் செய்வது இதுதான். மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இந்தத் துல்லியம் தாராளம்.

நெடுஞ்சாலையில் எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினாலோ பெடல் காலடியில் துடித்தாலோ, டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் வளைவு அரிது. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் சீராக இல்லாமல் போவதே வழக்கமான காரணம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடு, அதாவது தலைமுடியின் கனத்தில் ஒரு சிறு பங்கு, நடுக்கம் தருவதற்குப் போதுமானது. இந்த வேறுபாடு உண்டாகும் விதம் வேடிக்கையானது. டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைச் சுரண்டாமல் புதிய டிஸ்க்கை அதன்மேல் அமர்த்தினாலோ, வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக இறுக்கினாலோ டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து சுழலும். பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் புடைத்த இடம் பேடை லேசாகத் தொட்டுத் தொட்டு அங்கே மட்டும் தேயும். ஆகவே புதிய டிஸ்க் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடிய பிறகு நடுக்கம் தொடங்கினால், டிஸ்க் தரமற்றது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஹப்பைப் பார்க்க வேண்டும். நடுக்கம் ஸ்டியரிங்கில் இல்லாமல் இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின்பக்க டிரம்களைச் சோதிப்பது பொருத்தம்.

லேத்தில் கடைந்து டிஸ்க்கைச் சமப்படுத்தலாமா என்றால், கடைந்த பிறகும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் தெளிவாக மிச்சமிருந்தால் செய்யலாம். நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் நான் கடைய மாட்டேன். கடும் சூட்டில் இரும்பின் அமைப்பே அங்கங்கே மாறிக் கடினமாகியிருக்கும், கடைந்தாலும் சுற்றுப்புறம் மெதுவாகத் தேய்ந்து அந்தத் திட்டுகள் மறுபடி மேடாகும். மேல்பரப்பில் தெரியும் மயிரிழை விரிசல் விளிம்பை எட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, மாற்றியாக வேண்டும். ஆழமில்லாத வரிகள் மட்டும் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மலைச் சாலைகள்தான் கணக்கு. 2240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக மசினகுடிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1200 மீட்டர் கீழே வருகிறோம். ஆயிரம் கிலோ எடையுள்ள காருக்கு அது சுமார் 12 மெகாஜூல் ஆற்றல். எண்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பத்தெட்டு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால், காற்றும் டயரும் தின்பது போக மற்ற அத்தனையும் பிரேக்குகளின் தலையில். இறங்கி முடித்த கையோடு குளிர்ந்த நீரைச் சக்கரத்தில் அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது கொதித்துவிட்டால் பெடலை மிதித்தும் பிரேக் சரியாகப் பிடிக்காது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகையின் தரவரையறைப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அது 155 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றுவது டிஸ்க்கை மாற்றுவதைவிட மலிவு.

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் பிரேக் ஆயிலின் மட்டம் தானாகவே தாழும். அதைக் கண்டு யாராவது மேலே ஊற்றி நிரப்பியிருந்தால், புதிய பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். கழற்றிய காலிபரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். எல்லாம் மாட்டி முடித்ததும், காரை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு, முழுதாக நிற்காமல், நிதானமாகப் பிடித்துப் பிடித்து விட்டு, இடையிடையே ஆறவிட்டுப் பல முறை ஓட்டினால் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். அதற்குப் பிறகும் கீச்சொலி நீடித்தால், இன்னொரு பேட் வாங்குவதற்கு முன் கிளிப்புகளையும் கைட் பின்களையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.