லிப்டன் டப்பாவும் அம்மாயியின் அட்டையும்

லண்டனில் கையில் மிச்சம் ஒரே ஒரு நாள். பிரிட்டிஷ் மியூசியம் போகச் சொன்னான் நண்பன். நான் லேட்ப்ரோக் குரோவில் ரயிலை விட்டிறங்கி, பழைய சோப்பு உறைகளும் பிஸ்கட் டப்பாக்களும் பார்க்கப் போனேன். 'மியூசியம் ஆஃப் பிராண்ட்ஸ்' என்று பெயர். "காசு கொடுத்துக் குப்பை பார்க்கப் போறியா?" என்றான். ஒரு வகையில் சரிதான், அங்கே இருப்பதில் முக்கால்வாசி யாரோ தூக்கிப் போட வேண்டியது.

1963இல் ராபர்ட் ஓப்பி என்ற 16 வயதுப் பையன் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் ரயில் நிலையத்தில், இயந்திரத்தில் காசு போட்டு மஞ்சீஸ் சாக்லேட் பாக்கெட் ஒன்று வாங்கித் தின்றிருக்கிறான். உறையைக் கசக்கி எறியப் போனவனுக்கு, இதை எறிந்தால் கொஞ்சம் சரித்திரமும் சேர்ந்து போய்விடுமே என்று பட்டிருக்கிறது. பத்திரப்படுத்தினான். அப்புறம் நிறுத்தவே இல்லை. 1984இல் க்ளாஸ்டரில் ஒரு மியூசியம், 2005இல் அது லண்டனுக்கு வந்தது. இன்று 12,000க்கும் மேற்பட்ட பொருட்கள் பார்வைக்கு இருக்கின்றன.

விக்டோரியா காலத்தில் தொடங்கி வளைந்து வளைந்து போகிறது நடைபாதை. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகள். முதல் பத்து நிமிஷம் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்றே புரியவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கண் தானாக நின்றது. அதுவரை பளபளவென்று இருந்தவை சட்டென்று சாயம் போகின்றன. காகிதமும் மையும் தட்டுப்பாடு, லேபிள்கள் சிறுத்துவிட்டன. சிவப்பாக இருந்த கிட்கேட் உறை நீலமாகிவிட்டது. பால் கிடைக்காமல் கறுப்புச் சாக்லேட்டில் செய்ய வேண்டி வந்ததால், பழைய ருசி இல்லை என்று உறையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1940 ஜனவரியில் ரேஷன் தொடங்கியது. அந்த ஜூலையில் தேயிலைக்கும் ரேஷன் வந்தது. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கே அது காணாது. 1952 வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்தது.

உண்மையில் நான் தேடி வந்தது தேயிலையைத்தான். வந்த வழியே திரும்பி நடந்தேன்.

கிளாஸ்கோவில் 1871இல் மளிகைக் கடை திறந்த தாமஸ் லிப்டன், 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். ஏற்கெனவே காப்பிச் செடிகள் இலைத்துரு நோயில் அழிந்து, மலையெல்லாம் தேயிலையாக மாறிக்கொண்டிருந்த காலம். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த சரக்கை எடை அச்சிட்ட பாக்கெட்டில் போட்டு, ஒரு பவுண்டு எடை 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே கெண்டிக்கு என்பது விளம்பர வாசகம். அந்தக் கால விளம்பரங்களில் சேலை கட்டிய ஒரு பெண் கூடையோடு வருவாள். படத்தில் அவள் அலுங்காமல் நிற்கிறாள். இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கு இல்லை, காலில் அட்டைப்பூச்சிக் கடி இல்லை. லிப்டன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவளுக்குப் பெயரே இல்லை.

எனக்கு அவள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பத்து வயதில் கொழுந்து பறிக்கப் போனவள்.

அந்தப் பெண்களுக்கென்றும் தாள்கள் இருந்தன, இப்படி வண்ணத்தில் இல்லை என்பதுதான் வித்தியாசம். அம்மாயியின் அப்பா காலத்தில் 'துண்டு' என்று ஒன்று உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், தொழிலாளிக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய சீட்டு வேண்டும். அந்தக் கடனைக் கட்டுகிற புதுத் தோட்டம்தான் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். அதற்கு முன்பே, 1901 வாக்கில், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தோட்ட எண் பொறித்த தகர வில்லையோடு அனுப்பப்பட்டார்கள். பார்சலுக்கு முகவரி ஒட்டுவது மாதிரி. டப்பா மேல் ஒட்டியதும் லேபிள்தான், அதுவும் லேபிள்தான். டப்பாவின் லேபிளுக்குக் கண்ணாடி அலமாரியும் விளக்கும் கிடைத்திருக்கின்றன.

அம்மாயி 1972இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி இராமேசுவரம் வந்தாள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட அந்த ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று கணக்கு. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கான மண்டபம் முகாமில் ஒரு குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் கோத்தகிரியில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கேயும் கொழுந்துதான்.

சிறுவயதில் அந்த அட்டையை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். மடித்த இடமெல்லாம் நைந்து, அம்மாயியின் பெயரில் ஓர் எழுத்து பிசகி, ஓரத்தில் வெற்றிலைக் கறையோடு இருந்தது. வெளியே வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மாயியோட மண்டபம் அட்டை எங்கம்மா இருக்கு?"

"டிரங்குப் பெட்டிக்குள்ளதான் கெடந்துச்சு தம்பி. கிழிஞ்சு போயிருமேன்னு போன வாரந்தான் கடையில லேமினேஷன் போடக் குடுத்தேன். ஏன், அதுக்கென்ன இப்ப?"