தாகத்தை நம்பிக் கொடுத்த மருந்து

"அந்தக் கருப்புப் பெட்டை குடிச்சுதான்னு எப்படிங்க சார் தெரியும்?" கோழிகளுக்குத் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்த முகாமில், சேர்வராயன் மலைக் கிராமத்து அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "தாகம் எடுத்தா தானா குடிச்சுரும்மா" என்றேன். கொட்டகைப் பண்ணைக்கு அந்தப் பதில் சரி.

கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோயின் வைரஸ் மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் நுழைகிறது. அந்தச் சளிச்சவ்விலேயே காவல் வைக்கத்தான் லசோட்டா என்னும் உயிர்த் தடுப்பு மருந்து. அது சவ்வைத் தொட்டால்தான் வேலை செய்யும்.

கலந்ததில் பிழையில்லை. மருந்தில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான், குளோரின் அதைக் கொன்றுவிடும் என்பதால் ஊற்றுத் தண்ணீர். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, அரை மணி நேரம் கழித்தே மருந்துக் குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறந்தோம். பிளாஸ்டிக் தட்டுகள், நிழல், ஐஸ் பெட்டி எல்லாம் இருந்தன.

தாகம்தான் இல்லை. ஓமலூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்தாலே தட்டை மொய்த்துவிடும். ஏற்காட்டு உயரம் சுமார் 1,500 மீட்டர். இலையெல்லாம் பனி, காபிச் செடியடியில் ஈரம். மேய்கிற கோழி அங்கேயே கொத்திக் குடித்துவிடும். கலந்த மருந்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தட்டில் பாதி மிஞ்சியது. திடமான சேவல்கள் குடித்தன. பயந்து ஒதுங்கியவை கிட்டவே வரவில்லை.

கண் சொட்டாக விட்டிருக்கலாம். ஒரு சொட்டு, ஏறக்குறைய 0.03 மில்லி. கோழி கண்ணைச் சிமிட்டி அது இறங்கும்வரை பிடித்திருந்தால் போதும். கண்ணுக்குப் பின்னாலுள்ள ஹார்டர் சுரப்பியிலேயே எதிர்ப்புப் பொருள் ஊறும். எந்தக் கோழிக்குப் போனது என்ற கேள்வியே எழாது. ஆனால் பகலில் கோழி கையில் சிக்காது, இருட்டிக் கொடாப்பில் அடைந்த பிறகுதான் முடியும். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கியாக வேண்டும். இதைக் காரணமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொட்டு விடும் முறையை அந்த அம்மாவுக்கே காட்டி, குப்பியையும் கரைசலையும் ஐஸ் பெட்டியோடு விட்டு வந்திருக்கலாமே என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

எட்டாம் நாள் முதல் கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்து கோழிகள் விழத் தொடங்கின. தொற்றிய பின் நோய் வெளிப்பட 2 முதல் 15 நாள் ஆகும். முகாமுக்கு முன்பே வைரஸ் வந்திருந்தால் சொட்டு விட்டிருந்தாலும் தப்பியிருக்காது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது, நானும் அதைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் சேவல்கள் நின்றன. முதலில் விழுந்தது அந்தக் கருப்புப் பெட்டை.