கண்டியில் ஏடு பார்க்க அனுமதி வாங்கிய அனுபவம்

உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பிக்கிற எனக்கு, ஓர் ஓலைச்சுவடியையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கண்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் எழுத்து, அச்சு, புத்தக வரலாற்றுக்கென்றே தனிச் சேகரிப்பு இருக்கிறது. வெளியாட்களும் பார்க்கலாம், கேட்கிற முறையில் கேட்க வேண்டும்.

அதிபரின் கடிதம் கட்டாயம். எந்த ஏடு, எதற்காக, படம் எடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். பதில் இழுபட்டது. போன் எடுத்துக் கேட்டதும் நாள் குறித்துத் தந்தார்கள்.

பை, பேனா, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வாசலிலேயே. பென்சிலும் தாளும் மட்டும் உள்ளே போகலாம். கை கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் மேசைக்கு விட்டார்கள்.

"டீச்சர், முதல்ல இதைப் பாருங்க" என்று நூலகர் ஒரு வெற்று ஓலையில் எழுத்தாணியால் கீறினார். கீறல் கண்ணுக்கே தெரியவில்லை. கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசித் துடைத்தார். 'அ' கறுப்பாக எழுந்து நின்றது. அப்படியே மெய்மறந்துவிட்டேன். சிங்கள ஏடுகளுக்குத் தாளிப்பனை, யாழ்ப்பாணத்து ஏடுகளுக்குப் பனையோலை என்றார். தமிழ் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு வரிக்கே வெகுநேரம் போனது.

அப்புறம் அச்சு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்க் கிறிஸ்தவ நூல் பதினாறே பக்கம். அதன் நகலைப் பார்த்தேன். சிங்களத்தில் முதல் அச்சு நூல் 1737இல், ஒல்லாந்தர் காலத்தில்.

எல்லாம் சரி, எங்கள் தேயிலைத் தோட்டத்து எழுத்து எங்கே? செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் நமக்குச் சம்பளம். 1921இல் ஒழிக்கும் வரை, பழைய தோட்டம் தரும் 'துண்டு' என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். இவையும் எழுத்தின் வரலாறுதானே என்று நூலகரிடம் கேட்டேன்.

"கொண்டு வாங்க டீச்சர். மூலத்தைத் தர மனமில்லாட்டி ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பித் தர்றோம்" என்று விண்ணப்பப் படிவமும் தந்தார். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் யார் வீட்டுப் பெட்டியிலாவது துண்டோ, பழைய சம்பளச் சீட்டோ கிடந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன்.