வலி சோரும்போது ஒரு டம்ளர் சோடா உப்புத் தண்ணீர்

கருப்பையும் தசைதான். பிரசவத்தில் ஒவ்வொரு வலிக்கும் இறுகும்போது தன் ரத்தக் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. இடையில் போதிய ஓய்வு கிடைக்காவிட்டால் லாக்டிக் அமிலம் சேரும், தசைக்குள் கால்சியம் நுழைவது குறையும், வலி சோர்ந்துபோகும். அந்த நிலையில் வலியைத் தூண்டும் மருந்தான ஆக்சிடோசின் சொட்டை மட்டும் கூட்டுவது, களைத்த தசையை இன்னும் விரட்டுவதுதான்.

சுவீடனில் வலி சோர்ந்த 200 பெண்களிடம் சோடா உப்பைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆக்சிடோசினுக்கு ஒரு மணி நேரம் முன்பு, 4 கிராமுக்குச் சற்று அதிகமான சோடியம் பைகார்பனேட்டை, அதாவது சோடா உப்பை, கரைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் கருவியோ அறுவையோ இல்லாமல் தானாகப் பிரசவித்தவர்கள் அதிகம். மனதுக்கு நிறைவான முடிவு, ஆனால் பெரிய சோதனைகள் அவசியம்.

தயவுசெய்து வீட்டில் முயலாதீர்கள். அந்த அளவிலேயே ஒரு கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு அது ஆபத்தாகலாம். குழந்தை குறுக்கே கிடந்தால் எந்தப் பானமும் உதவாது.