ஏடு மேல் ஏடாக: நவத்வீபமும் சர்புரியாவும்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வங்காளத்து வைஷ்ணவ மகான் சைதன்ய மகாப்பிரபு அந்நியர் இல்லை. தென்னாட்டு யாத்திரையில் சாதுர்மாஸ்ய விரத காலம் நான்கு மாதமும் இங்கே வேங்கட பட்டர் அகத்தில் தங்கி, காவிரியில் நீராடிப் பெருமாளைச் சேவித்தவர். அந்த அகத்துப் பிள்ளை கோபால பட்டர்தான் பிற்பாடு பிருந்தாவனத்தில் ராதாரமணர் என்ற கிருஷ்ணரைப் பிரதிஷ்டை செய்தது. "அவர் நம்மூர் வரைக்கும் நடந்தே வந்தார். நாம ரயில்லகூடப் போகலைன்னா எப்படிடி?" என்று அம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாசியில்தான் கூடி வந்தது.

கொல்கத்தா சியால்தா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கிருஷ்ணநகர். அங்கிருந்து மாயாப்பூர். 1486ல் பால்குனப் பௌர்ணமி அன்று, சந்திர கிரகணத்தின்போது, ஒரு வேப்ப மரத்தடியில் மகாப்பிரபு இங்கே அவதரித்தார் என்கிறார்கள். வேம்படியில் பிறந்ததால் நிமாய் என்ற பெயர். அவதார ஸ்தலம் எங்கள் பக்கம்தான் என்று அக்கரை நவத்வீபத்திலும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வழக்கெல்லாம் வேண்டாம். இரண்டு இடத்திலும் விழுந்து சேவித்தாள்.

ஜலங்கி கங்கையோடு கலக்கும் இடத்தில் படகேறி நவத்வீபம் போனோம். தாமேஸ்வர மகாப்பிரபு கோயிலில் இருக்கும் சைதன்யரின் திருமேனி, அவருடைய தேவி விஷ்ணுப்ரியா பூஜித்தது என்பது அந்தக் கோயில் மரபு. 24 வயதில் அவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவள் ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தை ஒரு முறை சொல்லி ஓர் அரிசியை எடுத்து வைப்பாளாம். மத்தியானம் வரை சேர்ந்த அரிசி எவ்வளவோ, அதை மட்டும் தளிகை பண்ணி நிவேதனம் செய்து, அதில் கொஞ்சம் உண்பாளாம். இதைக் கேட்டதிலிருந்து அம்மா பேசவே இல்லை. ஜபமாலைப் பைக்குள் விரல்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன.

திரும்பும் வழியில் கிருஷ்ணநகரில் சர்புரியா வாங்கினேன். வங்காளம் வந்ததிலிருந்து அம்மா ஓர் இனிப்பும் தொடவில்லை. ரசகுல்லா, சந்தேஷ் எல்லாம் பாலைத் திரித்து எடுக்கிற சேனாவில் செய்வது; திரிந்த பாலைப் பெருமாளுக்கு எப்படிக் கண்டருளப் பண்ணுவது என்று தயக்கம். சர்புரியாவின் உயிர் ஏடு. 'சர்' என்றால் வங்காளியில் பாலேடுதான். அகலமான பாத்திரத்தில் பாலை நிதானமாகக் காய்ச்சி, மேலே படிகிற ஏட்டைக் கிழியாமல் எடுத்து, நெய்யில் பொரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நடுவே கோவா, பொடித்த பாதாம், ஏலக்காய். அப்புறம் இனிப்புப் பாலில் ஊற வைப்பது. ஏட்டைப் பொரித்துப் பாகில் போட்டால் அது சர்பாஜா.

அதர் சந்திர தாஸ் 1902ல் கடை வைத்த பிறகுதான் இதன் பேர் வெளியூருக்குப் பரவியது. அவருடைய அப்பா செய்முறை வெளியே போகாமலிருக்க ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வாராம். ஆனால் மகாப்பிரபுவின் சரித்திரமான சைதன்ய சரிதாமிருதத்திலேயே இந்தப் பட்சணம் வருகிறது என்பதுதான் ஊர்க்காரர்களுக்குப் பெரிய பெருமை.

ஸ்டேஷன் பெஞ்சில் பெட்டியைத் திறந்தேன். சதுரத் துண்டு, மேலே பழுப்பு, ஓரத்தில் வரிவரியாக அடுக்கு. ஓலைச்சுவடிக் கட்டைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரியே இருந்தது. அதையும் நாம் ஏடு என்றுதானே சொல்கிறோம். நிமாய் பண்டிதர் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஊர்ப் பக்கம் ஆயிற்றே என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

அம்மா குனிந்து பார்த்தாள். "ஏடுதானேடி இது? இவ்வளவு சேர எத்தனை நாழி அடுப்பு கிட்ட நின்னாளோ!"

கடையில் வாங்கியதை அம்மா பெருமாளுக்கு ஒருநாளும் வைத்ததில்லை. அன்றைக்குக் கைப்பையிலிருந்து நம்பெருமாள் படத்தை எடுத்து, பெட்டியை அதன் முன்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரயில் வந்து நின்ற பிறகும் திறக்கவில்லை. அடுத்த ரயிலில்தான் எனக்கு ஒரு துண்டு கிடைத்தது.